டென்ஷனை அளக்க எதை வாங்கலாம்? பி.பி. மெஷின், ஸ்மார்ட் வாட்ச், டிரெட்மில்: ஒரு மதிப்பீடு

புதுச்சேரியில் பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் போய் ‘டென்ஷன்’ என்றால், சட்டைக் கையை மடித்துவிட்டுக் கையை நீட்டுவார். பிரெஞ்சில் ‘தான்சியோன்’ பார்ப்பது என்றால் ரத்த அழுத்தம் பார்ப்பது. நமக்கு டென்ஷன் வேறு: கோபம், கவலை, பரபரப்பு, கடன்காரன் போன், பிள்ளையின் பரீட்சை எல்லாம் சேர்த்துக் கட்டிய மூட்டை. இரண்டும் ஒன்றே என்ற நம்பிக்கையில்தான் நேரு வீதியிலும் கடலூர் லாரன்ஸ் ரோட்டிலும் பலர் மெடிக்கல் ஷாப் படியேறுகிறார்கள். உயர் ரத்த அழுத்தத்துக்கு உள்ள ‘ஹைப்பர் டென்ஷன்’ என்ற பெயரும் அதற்குத் தூபம் போடுகிறது. ஆனால் வாய் திறந்து அதட்டாத மனிதருக்கு 160 இருக்கும். எரிந்து விழுகிறவருக்கு 118 இருக்கும்.

அதனால் கேள்வியை முதலில் தெளிவாக வைத்துக்கொள்வோம். ‘என் குணமும் மனநிலையும் என் இதயத்தை என்ன செய்கின்றன?’ இதைத் தெரிந்துகொள்ள நம் ஊரில் காசு கொடுத்து வாங்கக்கூடியவை மூன்று: மேற்கையில் சுற்றும் பி.பி. மெஷின், ‘ஸ்ட்ரெஸ்’ எண் காட்டும் வாட்ச், ஹார்ட் செக்கப் பேக்கேஜில் ‘ஸ்ட்ரெஸ் டெஸ்ட்’ என்று வரும் டிரெட்மில் சோதனை. முடிவை இங்கேயே சொல்லிவிடலாம். மெஷினை வாங்குங்கள், ஆனால் கோபத்தைக் கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று வாங்காதீர்கள். வாட்ச்சை அந்த ஒரு எண்ணுக்காக வாங்க வேண்டாம். டிரெட்மில், டாக்டர் எழுதிக் கொடுத்தால் மட்டும். நாலாவதாக ஒரு தாள் இருக்கிறது. அதற்குக் காசில்லை என்பதாலோ என்னவோ, எந்தக் கடையிலும் அதைப் பற்றிச் சொல்வதில்லை.

முன்கோபிக்கு மாரடைப்பு வருமா?

1950களில் சான்ஃபிரான்சிஸ்கோவில் மேயர் ஃபிரீட்மன், ரே ரோசன்மன் என்ற இரண்டு இதய மருத்துவர்கள் இருந்தார்கள். அவர்கள் கிளினிக் நாற்காலிகளுக்கு உறை மாற்ற வந்தவர், இருக்கையின் முன்விளிம்பு மட்டும் தேய்ந்திருப்பதைப் பார்த்து வியந்தார் என்று சொல்வார்கள். நோயாளிகள் சாய்ந்து உட்காராமல் நுனியில் உட்கார்ந்திருந்தார்கள். அவசரம், போட்டி, பகைமை மூன்றும் கலந்த அந்தச் சுபாவத்துக்கு ‘டைப் ஏ’ என்று பெயர் வைத்தார்கள். 3,154 ஆண்களை எட்டரை ஆண்டுகள் கவனித்ததில் டைப் ஏ ஆட்களுக்கு இதய நோய் ஏறக்குறைய இரு மடங்கு வந்தது.

அதோடு கதை முடிந்திருந்தால் பத்திரிகைகளின் ‘உங்கள் குணம் என்ன?’ கேள்வித்தாள்களுக்கு அர்த்தம் இருந்திருக்கும். 1980களில் வந்த பெரிய ஆய்வுகளில் அந்தத் தொடர்பு கரைந்துபோனது. மாரடைப்பு வந்து பிழைத்தவர்களில் டைப் ஏ ஆட்களே அதிக நாள் வாழ்ந்ததாகக்கூட 1988-இல் ஒரு கணக்கு வந்தது. சிகரெட்டின் மீதான பழியைச் சுபாவத்தின் மேல் தள்ளிவிட வசதியாக இருக்கும் என்று புகையிலை கம்பெனிகள் இந்த ஆராய்ச்சிக்குப் பணம் கொட்டியதும் பிற்பாடு ஆவணங்களில் வெளியானது. சலித்துப் பார்த்ததில் மிஞ்சியது பகைமை: யாரையும் நம்பாத, எதற்கும் உள்ளுக்குள் கருவுகிற மனம். சுறுசுறுப்பாக ஓடியாடுகிறவர், வேலையில் அவசரப்படுகிறவர் தங்கள் சுபாவத்தை நினைத்துப் பயப்பட வேண்டியதில்லை. ‘டைப் டி’ என்று உளவியலாளர் யோகான் டெனோலெட் சொன்ன இன்னொரு வகையும் உண்டு. கவலையை மென்று விழுங்கி வெளியே காட்டாதவர்கள். முதலில் வந்த சிறிய ஆய்வுகள் காட்டிய அளவுக்கு, பிறகு வந்த பெரிய ஆய்வுகளில் அதுவும் நிற்கவில்லை.

மனநிலை என்று வந்தால் ஆதாரம் இன்னும் உறுதி. 2004-இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வு இந்தியா உட்பட 52 நாடுகளில் நடந்தது. மாரடைப்பு வந்த 11,119 பேரையும் வராத 13,648 பேரையும் ஒப்பிட்டார்கள். ஓயாத மன அழுத்தத்தில் இருந்ததாகச் சொன்னவர்களுக்கு வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்கு. ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும்: மாரடைப்பு வந்த பிறகு படுக்கையில் வைத்துக் கேட்ட கேள்வி அது. ‘இவ்வளவு நாள் டென்ஷனில் இருந்தேன், அதான்’ என்று காரணம் தேடும் மனசு எல்லோருக்கும் உண்டு.

கோபம் பற்றிய கணக்கு கூர்மையானது. பலத்த கோபம் வெடித்த அடுத்த 2 மணி நேரத்தில் மாரடைப்பு வாய்ப்பு கிட்டத்தட்ட 5 மடங்கு ஏறுகிறது என்று 2014-இல் பழைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொன்னார்கள். ஐந்து மடங்கு என்றதும் பயந்துவிட வேண்டாம். வேறு இதய ஆபத்து குறைவாக உள்ளவர்கள் 10,000 பேர் மாதம் ஒருமுறை கோபப்பட்டால், ஆண்டுக்குக் கூடுதலாக ஒருவருக்கு மாரடைப்பு. அதே 10,000 பேர் தினம் ஐந்து முறை கோபப்பட்டால் 158 பேர். ஏற்கெனவே ஆபத்து அதிகம் உள்ளவர்கள் என்றால் 657. வருஷத்துக்கு நாலு முறை வெடிக்கிறவருக்கும் தினம் வேகிறவருக்கும் உள்ள தூரம் அதுதான்.

2024-இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான 280 பேரை வைத்து ஒரு சோதனை நடந்தது. கோபமூட்டிய பழைய சம்பவத்தை 8 நிமிடம் நினைத்துப் பார்க்கச் சொன்னார்கள். அவ்வளவுதான்; ரத்தக் குழாய் விரியும் திறன் குறைந்தது, 40 நிமிடம் வரை மீளவில்லை. கவலை, சோகம் நினைத்தவர்களிடம் அப்படித் தெளிவான மாற்றம் இல்லை. முகம் சிரித்தாலும் குழாயின் உள்சுவர் அரை மணி நேரத்துக்கு மேல் இறுகியே இருக்கிறது. இதை எந்தக் கடை மெஷினும் காட்டாது. மற்றதைப் பார்ப்பதற்கு முன் இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

மேற்கை பி.பி. மெஷின்: வாங்கலாம்

மணிக்கட்டில் கட்டும் மாடல் வேண்டாம். விலை குறைவு, எடுத்துச் செல்ல வசதி, எல்லாம் சரி. கை இதய மட்டத்திலிருந்து 10 செ.மீ. கீழே இறங்கினாலே அளவு 7, 8 புள்ளி கூடிவிடும். மணிக்கட்டை யாரும் சரியான உயரத்தில் வைப்பதில்லை. மேற்கை மாடலில் அடிப்படை வகை 2,000 ரூபாயைச் சுற்றி இருக்கும். அதில் சில கடைசி அளவு ஒன்றை மட்டுமே நினைவில் வைக்கும். இரண்டு பேருக்குத் தனித்தனியாகச் சேமிக்கும் வகைக்குக் கூட ஆயிரமோ ஆயிரத்தைந்நூறோ கொடுக்கலாம், வீட்டில் மாமனார், மாமியார் இருவருக்கும் பிரஷர் இருந்தால். ஒருவர்தான் என்றால் நோட்டுப் புத்தகம் போதும். அடாப்டர் பெரும்பாலும் தனி, கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் நாலு பென்சில் செல் அடிக்கடி மாற்றவேண்டி வரும். செல் இறங்கினால் பம்ப் தடுமாறி பிழைக்குறி காட்டும், மெஷின் கெட்டுவிட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள்.

பெட்டியில் மாடல் எண் இருக்கும். அதை ஸ்ட்ரைட் பி.பி. இணையதளத்தில் தேடிப் பாருங்கள். மனிதர்களிடம் சோதித்துத் தேறிய மாடல்களின் பட்டியல் அங்கே இருக்கிறது. கம்பெனி பெயர் பெரியது என்பதால் எல்லா மாடலும் தேறியிருக்கும் என்பதில்லை.

கடைக்காரர் சொல்லாமல் விடும் முக்கியமான சங்கதி கஃப் அளவு, அதாவது கையில் சுற்றும் பட்டையின் அளவு. பெட்டியோடு வருவது பெரும்பாலும் 22 முதல் 32 செ.மீ. வரையிலான கைக்கு. தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் தையற்காரர் டேப்பால் சுற்றளவை அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள். 32-ஐத் தாண்டினால் பெரிய கஃப் தனியாக வாங்க வேண்டும். அதற்கு முகம் சுளிக்க வேண்டாம். 2023-இல் வந்த ஓர் ஆய்வில், பெரிய கஃப் தேவைப்பட்டவர்களுக்குச் சாதா கஃப் மாட்டியபோது மேல் அளவு (இரண்டு எண்ணில் பெரியது) ஏறக்குறைய 5 புள்ளி கூடியது. மிகப் பெரியது தேவைப்பட்டவர்களுக்கு 19.5 கூடியது. 130 இருப்பவர் 150 என்று தெரிந்து மாத்திரை விழுங்க ஆரம்பிப்பார். சிறிய கஃப் தேவைப்பட்ட ஒல்லிக் கைக்காரர்களுக்கு அதே சாதா கஃப் 3, 4 புள்ளி குறைத்துக் காட்டியது. ‘எனக்கென்ன, நான் நல்லாத்தான் இருக்கேன்’ என்று இருந்துவிடுவார்கள்.

இனி அளக்கும் இடத்துக்கு வருவோம். நம் வீடுகளில் பி.பி. பார்ப்பது எப்படி என்று பார்த்தால் சிரிப்பு வரும். கட்டில் விளிம்பில் கால் தொங்க உட்கார்ந்து, ஜாக்கெட் கை மேலேயே கஃப்பைச் சுற்றி, கை மடியில் கிடக்க, எதிரே சீரியல் ஓட, பக்கத்தில் மருமகள் ‘எவ்வளவும்மா?’ என்று கேட்க, ‘இரு இரு’ என்று பதில் சொல்லிக்கொண்டே. இந்த ஒரு காட்சியில் ஐந்து பிழை. கையை மடியில் வைத்தால் மேல் அளவு 4 புள்ளி கூடுகிறது. பக்கவாட்டில் தொங்கவிட்டால் 6.5. 2024-இல் அமெரிக்காவில் 133 பேரிடம் அளந்து பார்த்த கணக்கு இது. பேசினால் 10 வரை ஏறும். சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தாலும் அதே அளவுக்கு ஏறும். கால் மேல் கால் போட்டால் இன்னும் சில புள்ளி. தரையில் சம்மணமிட்டு உட்காரும் பழக்கமும் இந்த வேலைக்கு ஆகாது.

சரியான முறை இப்படி. சாய்மானம் உள்ள நாற்காலி. முதுகு சாய்ந்திருக்க வேண்டும், இரண்டு பாதமும் தரையில் பட வேண்டும். குட்டையானவர்களுக்குக் காலடியில் மணைப்பலகை. பக்கத்தில் சாப்பாட்டு மேஜை. உயரம் போதாவிட்டால் துண்டை மடித்து முழங்கைக்குக் கீழே வையுங்கள், கஃப் நடுப்பகுதி நெஞ்சுக்கு நேராக வரும்வரை. கஃப்பின் கீழ் விளிம்பு முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் மேலே நிற்க வேண்டும், குழாய் உள்ளங்கைப் பக்கமாக இறங்க வேண்டும். சுற்றியபின் உள்ளே இரண்டு விரல் நுழையலாம், மூன்று நுழைந்தால் தளர்வு. வெற்றுக் கையில்தான் சுற்ற வேண்டும். சட்டைக் கையை மேலே சுருட்டி இறுக்கினாலும் தப்பு, கழற்றிவிடுங்கள். காபி, பீடி, நடை எதுவானாலும் அரை மணி முன்பே முடிந்திருக்க வேண்டும். பிறகு 5 நிமிடம் சும்மா இருங்கள். போனும் பார்க்கக்கூடாது. இந்த 5 நிமிடம்தான் எல்லோரும் தாண்டிக் குதிக்கும் படி.

காலையில் மாத்திரைக்கும் டிபனுக்கும் முன் இரண்டு அளவு, நடுவில் ஒரு நிமிடம் விட்டு. இரவு அதேபோல் இரண்டு. ஏழு நாள் செய்தால் 28 அளவு. முதல் நாளை அடித்துவிடுங்கள், புது மெஷின் பரபரப்பில் அது எப்போதும் கூடும். மிச்சம் 24-இன் சராசரி 135/85-ஐ எட்டினால் உயர் ரத்த அழுத்தம் என்று கணக்கு. கிளினிக்கில் இதற்கான எல்லை 140/90. வீட்டு எல்லை குறைவு என்பது பலருக்குத் தெரியாது. முதல் நாள் இரண்டு கையிலும் பார்த்து, கூடுதலாகக் காட்டும் கையையே தொடர்ந்து பயன்படுத்துங்கள். இரண்டுக்கும் 15-க்கு மேல் வித்தியாசம் நிலைத்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

குணமும் மனநிலையும் இந்த மெஷினுக்குள் நுழைவது இங்கேதான். வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும் 160 ஏறி, வீட்டில் 124 இருக்கும் ஆட்கள் உண்டு. கிளினிக்கில் அதிகமாகக் காட்டுகிறவர்களில் கணிசமானவர்கள் இப்படிப்பட்டவர்கள். ஏழு நாள் நோட்டு இவர்களை வீணான மாத்திரையிலிருந்து காப்பாற்றும். இதற்கு நேர் எதிரான வகைதான் ஆபத்து: டாக்டர் முன்னால் 130, வேலை நேரத்திலும் வீட்டிலும் 150. பார்க்க நிதானமாக இருப்பார்கள், பரிசோதனையில் எப்போதும் தேறுவார்கள். கம்பெனியில் ஷிப்ட் மாற்றி மாற்றிப் போகிறவர்கள், கடையைத் தனியாளாக ஓட்டுகிறவர்கள், சிகரெட் பிடிக்கிறவர்கள் ஒருமுறையாவது ஏழு நாள் கணக்கு எடுத்துப் பார்க்க வேண்டும்.

இந்த மெஷினின் பெரிய குறை அதன் பொத்தான். அதை எத்தனை முறை வேண்டுமானாலும் அமுக்கலாம். படபடப்புக்காரர் ஒருவர் 138 பார்க்கிறார், பயம், மறுபடி அமுக்குகிறார், 146. இன்னும் பயம், 155. ராத்திரி இரண்டு மணிக்கு வீட்டையே எழுப்பிவிடுவார். மெஷின் பொய் சொல்லவில்லை. பயத்தை அளந்து தந்தது. ஆனால் அந்த எண்ணை வைத்து மாத்திரையை மாற்ற முடியாது. ‘ஒரு நாளைக்கு இரண்டு வேளை, மற்ற நேரம் மெஷின் பீரோவில்’ என்று வீட்டில் ஒருவர் சட்டம் போட வேண்டும். அதற்கும் அடங்காதவர் என்றால் மெஷின் வாங்காமல் இருப்பதே மேல். மாதம் ஒருமுறை அரசு மருத்துவமனையிலோ, கடலூர்ப் பக்கம் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர் வரும்போதோ பார்த்துக்கொள்ளட்டும்.

சண்டை போட்ட சூட்டில் அளப்பதும் இதே கணக்குதான். ஒரு மணி நேரம் கழியட்டும். நோட்டில் நாலாவது பத்தி ஒன்று கட்டி, ‘தூக்கம் 4 மணி’, ‘மாத்திரை மறந்தது’, ‘கருவாட்டுக் குழம்பு’, ‘தம்பியோடு வாக்குவாதம்’ என்று ஒரு வார்த்தை எழுதி வையுங்கள். மூன்று மாதத்தில் அந்தப் பத்தியும் எண்களும் பேச ஆரம்பிக்கும். பெரும்பாலும் வாக்குவாதத்தைவிட மறந்த மாத்திரையும் தூங்காத இரவும்தான் அளவை ஏற்றியிருக்கும். டென்ஷன் இதயத்தைத் தாக்கும் பெரிய வழி அதுதான்: சிகரெட் கூடுகிறது, நடை நின்றுபோகிறது, மாத்திரை டப்பா திறக்கப்படாமல் கிடக்கிறது.

180/120-க்கு மேல் காட்டினால்? நெஞ்சு வலி, மூச்சிரைப்பு, வாய் கோணல், கை கால் விழுதல், பார்வை மங்கல் எதுவும் இல்லையென்றால் 5 நிமிடம் உட்கார்ந்து மறுபடி பாருங்கள். அப்போதும் அப்படியே இருந்தால் அன்றைக்கே டாக்டர். பக்கத்து வீட்டு மாத்திரையை நாக்குக்கு அடியில் வைக்கும் வைத்தியம் வேண்டவே வேண்டாம். அழுத்தம் தடாலென்று விழுந்து மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தம் குறையும்.

மெஷினை ஆண்டுக்கு ஒருமுறை டாக்டரிடம் எடுத்துப்போய், அவருடைய கருவியோடு ஒப்பிடுங்கள். இந்தக் கடலோர ஈரத்தில் கஃப்பின் ஒட்டும் பட்டையும் குழாய் முனையும்தான் முதலில் போகும். காற்று இறங்கும் ‘உஸ்’ சத்தம் நடுவில் கேட்டால் குழாயில் கசிவு. கஃப்பை மட்டும் மாற்றினால் போதும், அதே கம்பெனி கஃப்பாக இருக்க வேண்டும்.

வாட்ச் காட்டும் ‘ஸ்ட்ரெஸ்’ எண்

நிமிடத்துக்கு 60 துடிக்கும் இதயம் கடிகாரம் மாதிரி வினாடிக்கு ஒன்று என்று துடிக்காது. ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 0.94, 1.05, 0.98 என்று மாறிக்கொண்டே இருக்கும். மூச்சை இழுக்கும்போது வேகம் கூடும், விடும்போது தளரும். ஆசுவாசமாக இருக்கும்போது இந்த ஏற்ற இறக்கம் அதிகம், நெருக்கடியில் குறைவு. வாட்ச் தன் பச்சை விளக்கால் மணிக்கட்டு நாடியைப் பார்த்து இந்த இடைவெளிகளைக் கணக்கிட்டு, கம்பெனியின் சொந்தச் சூத்திரத்தில் போட்டு, 0 முதல் 100 வரை ஓர் எண்ணாகத் தருகிறது. சூத்திரம் ரகசியம். ஒரு கம்பெனியின் 60-ஐ இன்னொன்றின் 60-ஓடு ஒப்பிட முடியாது.

அந்த எண் உடம்பின் விறைப்பைச் சொல்கிறது. மனசு ஏன் விறைத்தது என்பதைச் சொல்லாது. மகள் கல்யாணத்தன்று 85 காட்டும், கடைசி ஓவர் கிரிக்கெட்டுக்கும் 85 காட்டும். கத்திரி வெயிலில் தண்ணீர் குடிக்காமல் பஸ் ஸ்டாண்டில் நின்றால் அதுவும் ஸ்ட்ரெஸ். காய்ச்சல் வருவதற்கு முந்தின நாளும் ஸ்ட்ரெஸ். புதுச்சேரிக்கே உரிய ஒன்று: சனிக்கிழமை இரவு பாட்டிலோடு ‘ரிலாக்ஸ்’ ஆகிறவர், ஞாயிறு காலையில் வாட்ச்சைப் பார்த்தால் இரவு முழுக்கச் சிவப்பாக இருக்கும். மது அந்த ஏற்ற இறக்கத்தைச் சுருக்கிவிடுகிறது. இந்த ஒரு விஷயத்தில் வாட்ச் சொல்வதை நம்பலாம்.

இதைவிடப் பெரிய சிக்கல் யாருக்கு இது அடியோடு பொருந்தாது என்பது. பல ஆண்டுச் சர்க்கரையில் இதயத்துக்குப் போகும் நரம்புகள் மரத்துப்போனவர்களுக்கு, அமைதியாகப் படுத்திருந்தாலும் ஏற்ற இறக்கம் இருக்காது. வாட்ச் நாள் முழுக்க ‘ஸ்ட்ரெஸ்’ என்று அனத்தும். நாடி ஒழுங்கற்றுத் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ளவர்களுக்கோ இடைவெளி கண்டபடி மாறுவதால் ‘ஆகா, நிம்மதி’ என்றும் காட்டக்கூடும். துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரைக்காரர்களுக்கு எண்ணே வேறு. அதாவது இதய நோயாளிக்கும் சர்க்கரை நோயாளிக்கும், இந்த எண் அதிகம் தேவைப்படும் இடத்தில்தான் அதிகம் தடுமாறுகிறது. வியர்வையில் பட்டை தளர்ந்தாலும், மணிக்கட்டில் பச்சை குத்தியிருந்தாலும் ஒளி சரியாகப் படாது என்பது தனி.

கஃப் இல்லாமல் வாட்ச்சிலேயே பி.பி. என்று விற்பதை நம்பி மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. வாட்ச் ஏற்கெனவே கையில் இருந்தால் அதில் பிரயோஜனமானவை வேறு: ஓய்வு நேர நாடித்துடிப்பு வாரக்கணக்கில் ஏறுகிறதா, எத்தனை மணி தூங்கினோம், எவ்வளவு நடந்தோம், ஈ.சி.ஜி. வசதியுள்ள மாடலில் நாடி ஒழுங்கா இல்லையா. மூச்சுப் பயிற்சிக்கு அதிர்வு கொடுக்கும் வசதியும் நல்லது. 4 வினாடி உள்ளே, 6 வினாடி வெளியே, நிமிடத்துக்கு 6 மூச்சு, பத்து நிமிடம். பி.பி. சில புள்ளி இறங்கும், மாத்திரைக்கு ஈடாகாது. சாயங்காலம் வண்டிகளை நிறுத்திய பிறகு கடற்கரைச் சாலையில் வாட்ச் இல்லாமலும் இதைச் செய்யலாம்.

‘ஸ்ட்ரெஸ் டெஸ்ட்’ என்ற பெயர்

பேக்கேஜ் நோட்டீஸில் இந்தச் சொல்லைப் பார்த்து ‘மன அழுத்தப் பரிசோதனை’ என்று நினைத்து வருகிறவர்கள் இருக்கிறார்கள். இது டிரெட்மில். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் மேடும் கூடும். முதல் படி மணிக்கு 2.7 கி.மீ., 10 சதவீதச் சரிவு. 220-இலிருந்து வயதைக் கழித்து, அதில் 85 சதவீதத்தை நாடித்துடிப்பு எட்டும்வரை ஓட்டுவார்கள். பெரிய அடைப்பைக் கண்டுபிடிக்கும். பாதி அடைத்த குழாயைத் தவறவிடும், கோபத்தில் வெடிப்பது பல நேரம் அந்தப் பாதி அடைப்புக் கொழுப்புத் திட்டுதான். அறிகுறி இல்லாத 35 வயதுக்காரர் ‘சும்மா பார்த்துக்கலாம்’ என்று ஏறினால் பொய்யான சந்தேகம் கிளம்பி ஆஞ்சியோகிராம் வரை இழுத்துச் செல்லும்.

மன அழுத்தத்தில் இதயத்துக்கு ரத்தம் குறைகிறதா என்று பார்க்கும் சோதனையும் உண்டு, ஆனால் ஆராய்ச்சிக் கூடத்தில். நோயாளியை மேடைப் பேச்சு பேச வைத்து ஸ்கேன் எடுப்பார்கள். 2021-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், இதய நோய் உள்ள 918 பேரில் 16 சதவீதத்தினருக்குப் பேசும்போதே ரத்த ஓட்டம் குறைந்தது. அவர்களுக்குப் பின்னாளில் மாரடைப்போ இதயச் சாவோ வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரு மடங்குக்கு மேல். இதை எந்த பேக்கேஜிலும் விற்க மாட்டார்கள்.

காசில்லாத அந்தத் தாள்

மாரடைப்பு வந்து திரும்பியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு மனச்சோர்வு நோய் இருக்கும். அது இருந்தால் அடுத்த மாரடைப்புக்கும் சாவுக்கும் வாய்ப்பு கூடுகிறது. இதைக் கண்டுபிடிக்க ரத்தம் எடுக்க வேண்டாம், இரண்டு கேள்வி போதும். கடந்த 2 வாரத்தில் எதிலும் ஆர்வமோ சந்தோஷமோ இல்லாமல் இருந்தது எத்தனை நாள்? மனம் சோர்ந்து, நம்பிக்கை விட்டுப்போனது எத்தனை நாள்? இல்லவே இல்லை என்றால் 0, சில நாள் 1, பாதி நாளுக்கு மேல் 2, கிட்டத்தட்ட தினமும் 3. கூட்டினால் 3-ஐ எட்டினால் ‘பி.எச்.க்யூ.-9’ என்ற ஒன்பது கேள்வித் தாளுக்குப் போக வேண்டும். தமிழிலும் கிடைக்கிறது. 27-க்கு 10 வந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். ஒன்பதாவது கேள்வி தன்னைத்தானே மாய்த்துக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அதற்கு 1 வந்தாலும் அன்றைக்கே பேச வேண்டும். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, இலவசம், இரவிலும் தமிழில் பேசலாம்.

குறையும் சொல்வோம். இந்தச் சோர்வுக்குச் சிகிச்சை செய்தால் மனசு தேறுகிறது என்பது உறுதி. அதனால் மட்டும் ஆயுள் கூடுகிறது என்று பெரிய ஆய்வுகள் இன்னும் காட்டவில்லை. யோகாவும் அப்படித்தான். இந்தியாவில் 24 மருத்துவமனைகளில் மாரடைப்பு வந்த 3,959 பேரிடம் நடந்த ‘யோகா-கேர்’ ஆய்வில், அடுத்த மாரடைப்பு தெளிவாகக் குறைந்ததாகத் தெரியவில்லை. ஆனால் யோகா செய்தவர்கள் உடல்நலம் தேறியதாக உணர்ந்தார்கள், அன்றாட வேலைக்குத் திரும்பினார்கள். ‘யோகா செய்தால் மாத்திரை வேண்டாம்’ என்று எவராவது சொன்னால் அந்த வகுப்பை விட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

மெஷின் உதவாத ஒரு நேரம்

சாவு வீட்டில் அறுபது வயது அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிகிறார். ‘துக்கம் தாங்கல’ என்று முகத்தில் தண்ணீர் தெளித்து, சோடா உடைத்துக் கொடுத்து, யாரோ பி.பி. மெஷினை எடுத்து வருகிறார்கள். 120/80. ‘ஒண்ணுமில்ல, நார்மல்’ என்று படுக்க வைத்துவிடுகிறார்கள். நெருங்கியவர் இறந்த முதல் நாளில் மாரடைப்பு வாய்ப்பு பல மடங்கு ஏறும், நார்மல் பி.பி.யோடும் மாரடைப்பு வரும். துக்கத்தால் இதயத்தின் அடிப்பகுதி பானைபோல் உப்பி நிற்கும் ‘டாக்கோட்சுபோ’ என்ற நிலையும் இருக்கிறது. ஜப்பான்காரர்கள் 1990-இல் விவரித்தது, ஆக்டோபஸ் பிடிக்கும் பானையின் பெயர். பெரும்பாலும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கு வருகிறது, வலியும் ஈ.சி.ஜி.யும் மாரடைப்பு மாதிரியே இருக்கும். இரண்டையும் பிரித்துச் சொல்ல ஆஸ்பத்திரியால்தான் முடியும். கஃப்பைச் சுற்றிக்கொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள், ஈ.சி.ஜி.யும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையும் முடியும்வரை அந்த அம்மாவை வீட்டுக்கு அழைத்து வராதீர்கள், காடு சேர்க்க நேரமாகிறது என்று யார் அவசரப்படுத்தினாலும்.